இனிமேல் பெயர் வைத்துக் கவிதை எழுத மாட்டேன்!



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று பேரவைச் செயலாளரிடம் கேட்டேன். "காதலர் தினக் கவிதை பத்தி எழுதுடா. அதுல உன்னை விட்டா நம்ம காலேஜ்ல யாரு இருக்கா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சிரிப்பு வரவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று ரொம்ப நாளாக நெஞ்சில் கிடக்கிறது. இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்!

முட்டை பப்ஸ் கவிஞன்

முதலில் என்னைப் பற்றி. அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். இருவருக்கும் கைநாட்டுதான். எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டிக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். நான் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் போதும், அது ரெக்கார்டா, ரஃப் நோட்டா என்று அம்மாவுக்குத் தெரியாது. "புள்ள எழுதுறான், சத்தம் போடாதீங்க" என்று டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

பள்ளியில் எனக்குப் பிடித்தது செய்யுள். பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் செய்யுள் போய் என்ஜினீயரிங் டிராயிங் வந்தது. டி-ஸ்கொயரும் டிராஃப்டரும் கைக்கு வந்தன. ஆனாலும் கவிதைப் பைத்தியம் விடவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே இருந்தேன். முதல் வருடம் பிப்ரவரி மாதம் ஒரு சீனியர் அதைப் பார்த்துவிட்டார். "தம்பி, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுடா. பதினாலாம் தேதி குடுக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். கேன்டீனில் முட்டை பப்ஸும் டீயும் வாங்கித் தந்தார்.

அவ்வளவுதான். பெயர் பரவிவிட்டது! சிவிலில் இருந்து வந்தார்கள், ட்ரிபிள்-இயில் இருந்து வந்தார்கள், பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் இருந்துகூட ஒருவர் வந்தார். சாதாரணக் கவிதைக்கு ஒரு பப்ஸ், ஒரு டீ. பெயர் வைத்து எழுதினால் கூடுதலாக ஒரு ஜூஸ். பெயர் வைத்து என்றால் தெரியும்தானே? ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படித்தால் அந்தப் பெண்ணின் பெயர் வரும். அதில் நான் கில்லாடி. நீளமான பெயர் என்றால் இன்னும் குஷி. அன்றைக்கு எனக்கு என்ன கர்வம் தெரியுமா? மூட்டை தூக்குகிறவர் மகனைத் தேடி நாலு டிபார்ட்மென்ட் ஆட்கள் வருகிறார்கள் என்றால் சும்மாவா!

யாருக்கு, எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. பெயரை மட்டும் கேட்பேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாள், ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு பயம் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு கவிதை வீட்டுக்குப் போனது

அப்படி நான் எழுதிய கவிதைகளில் ஒன்று ஒரு பெண்ணின் ரெக்கார்டு நோட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. வைத்தவன் என் நண்பன். அவன் அவளிடம் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவளுக்கு அவனை யார் என்றே சரியாகத் தெரியாது. அவள் நோட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே அவள் அண்ணன் கையில் சிக்கியது.

அவள் வீடும் எங்கள் வீடு மாதிரிதான். அப்பா, அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அண்ணன்தான் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். படித்துவிட்டு, வரிகளின் முதல் எழுத்தையெல்லாம் கூட்டி அவள் பெயர் வருவதையும் காட்டியிருக்கிறான். "பேரு வச்சே எழுதியிருக்கான்னா உனக்குத் தெரியாமயா எழுதியிருப்பான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? நான் முட்டை பப்ஸுக்காகச் செய்த வித்தை அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. "படிச்சது போதும்" என்று டி.சி. வாங்கவே வந்துவிட்டார் அவள் அப்பா. ஒரு மேடம் அவள் வீடு வரைக்கும் போய்ப் பேசினார்கள். அதனால் டி.சி. தப்பியது. ஆனால் அட்டெண்டன்ஸ் குறைந்து ஒரு செமஸ்டர் போய்விட்டது. அவளும் என்னைப் போல அந்த வீட்டின் முதல் படிப்பு. அது பாதியில் நின்றிருந்தால், அடுத்து அந்த வீட்டில் இருந்து இன்னொரு பெண்ணை யார் அனுப்புவார்கள்?

அவள் பெயர், பிரிவு, எந்த வருடம், நம் காலேஜா வேறு காலேஜா... எதையும் எழுதப் போவதில்லை. தயவுசெய்து யாரும் துருவாதீர்கள். இதை எழுதலாமா என்று அவளுடைய தோழி மூலமாகக் கேட்டேன். "எழுதச் சொல்லு. ஆனா நான்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது" என்று பதில் வந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல வருவதும் அந்த ஒரே விஷயத்தைத்தான்.

நண்பனுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கவிதையில் எங்கள் பெயர் இல்லையே!

நடந்ததையெல்லாம் ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "எழுதத் தெரியாத நாங்க யாரையும் இப்படிக் கெடுத்ததில்லடா" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நம் ஆட்கள் அன்றே சொன்னார்கள்

அதன் பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. காதல் கவிதையே தப்பா? எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடத் தேட வெட்கமாகிவிட்டது. நான் தெரியாமல் மிதித்த விஷயத்தை நம் முன்னோர்கள் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எட்டுத்தொகை நூல்கள் எட்டில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் அகம். அதாவது காதல். திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம், 250 குறள். இத்தனை கவிதைகளையும் புரட்டிப் பாருங்கள். காதலிக்கிறவன் பெயர் என்ன? காதலியின் பெயர் என்ன? இருக்காது! தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். அன்பு கலந்த ஐந்திணைப் பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் போட்ட விதி. பெயர் வந்தால் அது அகப்பாட்டே இல்லை.

அந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகப் பிடித்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை என்று ஒரு நூல். 188 வரி. குளிர்காலம், பாசறையில் அரசன், அரண்மனையில் அவனை நினைத்து வாடும் அரசி. கேட்டால் முழுக்க அகம். அரசன் பெயர் எங்கேயும் கிடையாது. ஆனால் ஓர் இடத்தில் வேலில் கட்டிய வேப்பிலை வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியருடைய அடையாளம். அந்த ஓர் இலையால் ஆள் யார் என்று தெரிந்துபோகிறது, ஆகவே இது புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார்! ஒரு வேப்பிலைக்கே இவ்வளவு என்றால், வரிக்கு வரி எழுத்து வைத்துப் பெயர் எழுதிய என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஏன் இந்த விதி? பெயர் இல்லாவிட்டால் படிக்கிற எல்லோருக்கும் அது தன் கதையாகத் தெரியும் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். சரிதான். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அகப்பாட்டு முழுக்க 'அலர்' என்று ஒரு பயம் ஓடுகிறது. ஊர்வாய்ப் பேச்சு. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர் என்று இரண்டு தனிச்சொல் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த அலரில் சாகிறது யார்? தலைவிதான். வீட்டுக்குள் அடைபடுவதும் அவள்தான். அதற்கு 'இற்செறிப்பு' என்று பெயரே உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அகராதியில் தெரியவில்லை. ரெக்கார்டு நோட்டில் தெரிந்தது.

மடல் ஏறுவது இன்றும் நடக்கிறது

'மடல் ஏறுதல்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் உருவம் எழுதிய படத்தைக் கையில் பிடித்து, நடுத்தெருவில் ஏறி வருவான். ஊரே பார்க்கும். வேறு வழியில்லாமல் பெண் வீட்டார் இறங்கி வர வேண்டும். நாம் இதை என்ன ஒரு தெய்வீகக் காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தொல்காப்பியத்தில் பாருங்கள். மடல் ஏறுவேன் என்று வாயால் சொல்வது வேறு. ஏறியே விட்டால் அதைப் பெருந்திணையில், அதாவது பொருந்தாத காமத்தில் தள்ளிவிடுகிறார்கள். நல்ல காதல் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

நண்பர்களே, மடல் இன்றைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பனங்குதிரைக்குப் பதிலாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கையில் பிடித்த படத்துக்குப் பதிலாக அவள் போட்டோவுக்குக் கீழே கவிதை போட்ட இன்ஸ்டாகிராம் ஸ்டோரி. பிளாக்போர்டில் ஹார்ட் போட்டு நடுவில் இரண்டு எழுத்து. பஸ் ஸ்டாண்டில் நாலு நண்பர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, மண்டி போட்டு ரோஜாவை நீட்டுவது. சுற்றி நிற்கிறவன் கையில் எல்லாம் போன். அந்தப் பெண் "வேண்டாம்" என்று சொன்னால் திமிர் பிடித்தவள். பேசாமல் வாங்கிக்கொண்டால் "ஓகே சொல்லிட்டா". அழுதால் சீன் போடுகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்!

ஒர்க்ஷாப்பில் முதல் நாள் நமக்கு என்ன காட்டினார்கள்? லேத் ஓட்டுவதையா? இல்லை. ஸ்டாப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை. நிறுத்த வழியில்லாத மெஷினைத் தொடாதே என்பதுதான் முதல் பாடம். காதல் கவிதைக்கும் அது பொருந்தும் என்பேன். வாங்குகிறவள் நிறுத்த வழி இருக்க வேண்டும். அந்த சுவிட்ச் அவள் கைக்கு எட்ட வேண்டும்.

இதற்கும் நம் இலக்கியத்தில் இடம் இருக்கிறது. தலைவன் தழையாடையோ பூவோ அன்பளிப்பாகக் கொண்டு வருவான். அதற்குக் கையுறை என்று பெயர். தோழி வாங்க மறுப்பாள். அந்த மறுப்பே ஒரு துறை. அதற்கென்றே பாட்டுகள் இருக்கின்றன. மறுத்ததற்காக அவளை யாரும் வில்லியாக்கவில்லை. ஒருதலைக் காமத்துக்கும் 'கைக்கிளை' என்று தனிப் பெயர் உண்டு. பதில் வராத காதலும் காதல்தான், ஆனால் அது ஐந்திணை ஆகாது என்று கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதில் வராததை வந்ததாக நாமே எழுதிக்கொள்ள முடியாது.

வெளிநாட்டுக்காரர்களும் அதையேதான்...

"இது வெள்ளைக்காரன் பண்டிகை. சங்க இலக்கியத்தை ஏன் இழுக்கிறாய்?" என்று ஒரு தோழர் கேட்டார். சரி, வெள்ளைக்காரர் பக்கமே போவோம்.

வாலன்டைன் நாளையும் காதலையும் சேர்த்து எழுதிய பழைய ஆங்கிலக் கவிதைகளில் முக்கியமானது ஜெஃப்ரி சாஸர் என்ற 14ஆம் நூற்றாண்டுக் கவிஞருடையது. வாலன்டைன் நாளில் பறவைகளெல்லாம் துணை தேர்ந்தெடுக்கக் கூடுகின்றன. ஒரு பெண் கழுகுக்காக மூன்று ஆண் கழுகுகள் போட்டி போட்டுப் பேசுகின்றன. மற்ற பறவைகளெல்லாம் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கின்றன, நம் கேன்டீன் மாதிரியே! கடைசியில் அந்தப் பெண் கழுகு என்ன சொல்கிறது தெரியுமா? இப்போது முடிவு சொல்ல முடியாது, எனக்கு ஒரு வருடம் அவகாசம் வேண்டும் என்கிறது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இயற்கை அன்னையும் சரி என்று அனுமதித்துவிடுகிறாள். யாரும் கையை அறுத்துக்கொள்ளவில்லை. ஆசிட் எடுக்கவில்லை. காதலர் தினக் கவிதையின் ஆரம்பமே பெண்ணுக்குக் கொடுத்த அவகாசம்தான்!

இன்னொன்று. ஆங்கிலத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வாலன்டைன் கடிதம் 1477ஆம் ஆண்டு பிப்ரவரியில் எழுதப்பட்டது. மார்ஜரி புரூஸ் என்ற பெண், ஜான் பாஸ்டன் என்பவருக்கு எழுதியது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் நிலா, நட்சத்திரம் என்றெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இருப்பது வரதட்சணைப் பிரச்சினை! அவள் அப்பா அதற்கு மேல் பணம் தர மறுக்கிறார். அதற்காக என்னை விட்டுவிடாதே என்று அந்தப் பெண் மன்றாடுகிறாள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தெருவில் நடக்கிற கதை மாதிரியே இருக்கிறதே! அந்த வருடமே இருவருக்கும் கல்யாணம் நடந்தது என்பது சந்தோஷம்.

அந்தக் கடிதத்தை அவள் தன் கையால் எழுதவில்லை. அவள் அப்பாவிடம் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர், அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். அதாவது அவரும் என்னைப் போல ஒருவர். அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அவர் எழுதியது அந்தப் பெண் மனதில் இருந்ததை. நான் எழுதியது அந்தப் பெண் மனதில் இல்லாததை. அந்தக் கடிதத்தில் மார்ஜரி கேட்டுக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. உன்னைத் தவிர வேறு யாரும் இதைப் பார்க்கக் கூடாது என்கிறாள். 1477இல் ஒரு பெண் கேட்டாள், நம் காலத்தில் ஒரு பெண் தோழி மூலமாகக் கேட்டனுப்பினாள். இரண்டும் ஒன்றுதானே?

கடன் வாங்கிய கவிதை தப்பா?

தப்பில்லை என்பது என் கட்சி. எல்லோரும் கவிஞர்களாகப் பிறப்பதில்லை. 1797இலேயே இங்கிலாந்தில், சொந்தமாக எழுத வராத வாலிபர்களுக்காக வாலன்டைன் கவிதைகளைத் தொகுத்துப் புத்தகமே போட்டு விற்றிருக்கிறார்கள். இன்றைக்கு வரும் ஃபார்வர்டு கவிதைகளுக்கு அது தாத்தா! 1840இல் அங்கே ஒரு பென்னி தபால் வந்து செலவு குறைந்ததும் வாலன்டைன் அட்டைகள் குவிய ஆரம்பித்தன. நம் நாட்டில் 1990களில் வாழ்த்து அட்டைக் கடைகளும் சாட்டிலைட் டி.வி.யும் இந்த நாளைப் பரப்பின. 1999இல் 'காதலர் தினம்' என்றே கதிர் இயக்கத்தில் படம் வந்துவிட்டது.

கடன் வாங்குங்கள். ஆனால் நல்ல இடத்தில் வாங்குங்கள். "யாரோ எழுதியது" என்று போட்டோவோடு வருவதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். குறுந்தொகையை எடுங்கள். 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சில் கொண்டுவந்தார். 1937இல் உ.வே.சா. உரையோடு பதிப்பித்தார். நான்கு வரியில் இருந்து எட்டு வரிதான். நம் பொறுமைக்குச் சரியான அளவு! செம்மண்ணில் விழுந்த மழைநீரை உவமை சொன்ன ஒரு புலவர் அதில் இருக்கிறார். அவர் இயற்பெயரே நமக்குத் தெரியாது. அந்த உவமையை வைத்தே 'செம்புலப் பெயல் நீரார்' என்று அழைக்கிறோம். காதலர் பெயரும் இல்லை, கவிஞர் பெயரும் இல்லை, காதல் மட்டும் இருக்கிறது. வெள்ளிவீதியார் மாதிரி பெண்களே எழுதியதும் இருக்கிறது. ஆண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பெண் என்ன நினைக்கிறாள் என்பதை நாமே நினைத்து எழுதிக்கொள்வதை விட, அவள் எழுதியதைப் படிப்பது மேல் அல்லவா?

மறுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை

"காதலர் தினம் நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது, தடை செய்" என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்களைத் துரத்துகிறது. அவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. எட்டில் ஐந்து நூலைக் காதலுக்கு ஒதுக்கிய மொழி இது. துரத்துவதும் ஒரு அலர்தான். அதனாலும் வீட்டுக்குள் அடைபடப் போவது பெண்தான்.

இன்னொரு பக்கம் என் நண்பர்களே சொல்கிறார்கள்: "லவ் பண்றவன் தைரியமா பேரைச் சொல்லணும்டா. ஒளிச்சு வைக்கிறவன் கோழை." அப்படியா? சரி, உன் பெயரைச் சொல். கவிதைக்குக் கீழே உன் பெயர், உன் டிபார்ட்மென்ட், உன் ரோல் நம்பர் போடு. அதற்குத் தைரியம் உண்டா? நாம் எழுதுவதில் எல்லாம் அவள் பெயர் பளிச்சென்று இருக்கிறது, நம் பெயர் இருக்காது. கடைசியில் "உன்னை நேசிக்கும் இதயம்" என்று ஒரு கையெழுத்து! இதில் கோழை யார்?

"அப்படியென்றால் 'இதயம்' படத்து முரளி மாதிரி சொல்லாமலேயே இருந்துவிட வேண்டியதுதானா?" என்றும் கேட்கலாம். 1991இல் வந்த படம். எங்கள் சித்தப்பா இன்னும் பார்த்து அழுவார். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லுங்கள். அவளிடம் மட்டும் சொல்லுங்கள். ஒரு தரம் சொல்லுங்கள். அவளோ அவனோ "வேண்டாம்" என்றால், அது முற்றுப்புள்ளி. கமா அல்ல.

ஒரு வேண்டுகோள், ஒரு யோசனை

என் பங்குக்கு நான் சில முடிவுகள் எடுத்திருக்கிறேன். இனி யார் பெயரையும் வைத்துக் கவிதை எழுத மாட்டேன். கேட்டு வருகிறவரிடம், "அவங்களுக்கு உன்னைத் தெரியுமா? இது அவங்க வீட்டுல சிக்கினா என்ன ஆகும்?" என்று இரண்டு கேள்வி கேட்பேன். பதில் திருப்தி இல்லையென்றால் பப்ஸ் வேண்டாம், பசியே தேவலை. நோட்டுக்குள், பைக்குள் ஒளித்து வைக்கும் கவிதைக்கு என் கையெழுத்து உதவாது.

பேரவைக்கு ஒரு யோசனை. வருகிற பிப்ரவரி 14 அன்று நம் தமிழ் மன்றம் சார்பில் ஒரு கவிதை வாசிப்பு வைக்கலாமே? நூலக வாசலில் ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். சொந்தக் கவிதை என்றால் எழுதியவர் பெயர் போட வேண்டாம். அடுத்தவர் கவிதை என்றால் கவிஞர் பெயர் கட்டாயம். எந்தக் கவிதையிலும் காதலிக்கப்படுகிறவர் பெயரோ, பிரிவோ, பஸ் நம்பரோ இருக்கக் கூடாது. இருந்தால் அது அகம் இல்லை, பெட்டிக்குத் திரும்பிவிடும்! மதியம் அசெம்பிளி ஹாலில் எடுத்து வாசிப்போம். யாருக்கு எழுதியது என்று எழுதியவருக்குத் தெரியும். ஒருவேளை கேட்கிற ஒருவருக்கும் தெரியலாம். மற்ற எல்லோருக்கும் அது ஒரு கவிதை. பெண்களும் தைரியமாக எழுதிப் போடலாம். வெள்ளிவீதியார் வாரிசு யாராவது சிவில் டிபார்ட்மென்ட்டில் ஒளிந்திருக்கலாம், யார் கண்டது?

கடைசியாக, நான் பப்ஸ் வாங்காமல் எழுதிய முதல் கவிதையை இங்கே தருகிறேன். மேலிருந்து கீழே படித்துப் பார்க்காதீர்கள். ஒரு பெயரும் வராது.

எனக்குத் தெரிந்த பெயரை
எழுதாமல் விட்ட இடத்தில்
ஒரு மழை பெய்கிறது.
நனைய வேண்டும் என்றால் வா.
குடை இருந்தால்
அதுவும் சரிதான்.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். "யாருக்குடா இது?" என்றார். "சொல்ல மாட்டேன்" என்றேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுதான் சரி" என்றார்.

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்